சக விண்ணப்பதாரரின் கல்வித் தகுதி

என் அக்கா பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இதை இப்படி ஒரு வரியாக எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது வெளியே சொல்லக் கூடாத சங்கதி. யார் கேட்டாலும் அவள் பிளஸ் டூ. பக்கத்து வீட்டில் கேட்டாலும் பிளஸ் டூ, ரேஷன் கடை வரிசையில் கேட்டாலும் பிளஸ் டூ, பெண் கேட்டு வந்தவர்கள் கேட்டபோதும் அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

ஊர் உலகத்தில் படிக்காதவர்கள் படித்ததாகப் பொய் சொல்வார்கள். எங்கள் ஒரகடத்தில் படித்தவர்கள் படிக்கவில்லை என்று பொய் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் உற்பத்தி லைனில் நிற்க பிளஸ் டூ வேண்டும், இல்லையென்றால் ஐ.டி.ஐ. வேண்டும். பட்டம் இருந்தால் ஆகாது. பட்டதாரி ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவான், இருந்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பான், நாலு பேரைக் கூட்டுவான். அப்படித்தான் கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனையோ வீட்டு பீரோக்களில் புடவைக்கு அடியில் பட்டச் சான்றிதழ்கள் தூங்குகின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று.

அக்கா படித்து முடித்துச் சில மாதம் வீட்டில் இருந்தாள். தனியார் பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தாள். பி.எட். இல்லை என்று அவர்கள் சொன்ன சம்பளம் ஷேர் ஆட்டோவுக்கே போய்விடும். கடைசியில் ஒரகடம் கூட்ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒரு கன்சல்டன்சிக்குப் போனாள். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே இருந்த அண்ணன் அவளுடைய ஃபைலைப் புரட்டிவிட்டு, பட்டச் சான்றிதழை மட்டும் தனியே உருவி அவள் கையில் கொடுத்தார்.

“இத வூட்லயே வெச்சிடும்மா. பிளஸ் டூ மார்க் ஷீட்டு மட்டும் எட்த்தா. மூணு வருசம் இன்னா பண்ணேன்னு கேப்பாங்க. வூட்ல சும்மா இருந்தேன்னு சொல்லு.”

அவளும் அப்படியே சொன்னாள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனி அது. வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து, இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்த ஆளைப் போலவே குரலை மாற்றி நடித்துக் காட்டினாள். “மூணு வருசம் சும்மாவே இருந்தியாம்மா? போரடிக்கல?” “இல்ல சார், டிவி பாப்பேன் சார்.” நானும் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் நர்சிங் படிக்க ஆசைப்பட்டது சேவை மனப்பான்மையால் அல்ல. கல்லூரியில் முதல் நாள் எல்லாரும் எழுந்து நின்று அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொல்லி வைத்தேன். உண்மைக் காரணம் வேறு. அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் கான்ட்ராக்டில் காய் நறுக்குகிறவள். அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பதினொன்றாவது படிக்கையில் ஒருநாள் அம்மாவின் கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கேண்டீன் சூப்பர்வைசரும் கூடவே வந்தார். வழி நெடுக, வீட்டில் சமைக்கும்போது பட்டது என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் தொல்லை என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார்.

அங்கே காயத்தைப் பார்த்த நர்ஸ், அம்மா வாயைத் திறப்பதற்குள் பதில் சொன்ன சூப்பர்வைசரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாரு? வீட்டுக்காரரா? இல்லல்ல, வெளிய போய் நில்லுங்க.” அவர் போய் நின்றார். வேலை செய்கிற இடத்தில் பட்ட காயம் என்று அந்த நர்ஸ் சீட்டில் எழுதினார். சூப்பர்வைசரை வெளியே நில் என்று சொல்லி, அவரும் போய் நின்ற காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்க் வந்தது. கவுன்சிலிங்கில் தண்டலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமும் கிடைத்தது. முன்பணத்தை அக்கா கட்டினாள். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா ஒரு வருஷம் வாங்குகிற சம்பளம் முழுவதையும் வைத்தாலும் முதல் வருஷத்துக்கே போதாது. அரசு ஒதுக்கீடு என்றால் கொஞ்சம்தான் செலவு என்று நாங்கள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். ஹாஸ்டல், யூனிஃபார்ம், லேப், தேர்வு என்று அவர்கள் கொடுத்த தாளில் ஒவ்வொன்றாக நான் படித்துக்கொண்டே போக, அம்மா நடுவிலேயே எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

உதவி என்று கேட்டால் முதலில் எல்லாரும் சொன்னது முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கட்டும். இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள், “கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா? என்ன படிச்சிருக்காங்க?” பழக்கத்தில் பிளஸ் டூ என்று வாய் வரை வந்துவிட்டது. திரையில், எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதி கூறுகிறேன் என்ற வரி தெரிந்தது. பர்ஸை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை.

“ஊரு பூரா பிளஸ் டூன்னுதான சொல்லிகினு கீறோம். அத்தையே அங்கயும் சொன்னா இன்னா கொறஞ்சிடும்?” என்றாள் அம்மா.

“எழுதுடி,” என்றாள் அக்கா. “அந்த டிகிரி இருந்து எனக்கு ஒதவல. இல்லாம இருந்து உனுக்காவது ஒதவட்டும்.”

நான் மாட்டேன் என்றேன். கம்பெனிக்குச் சொல்கிற பொய் வேறு, கவர்மெண்டுக்குக் கையெழுத்துப் போட்டுச் சொல்கிற பொய் வேறு என்று பெரிய மனுஷி போலப் பேசினேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம்தான். மூன்றாம் வருஷத்தில் யாராவது கண்டுபிடித்துப் படிப்பையே பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். எதுவாக இருந்தாலும் சலுகை போயிற்று. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத படி இல்லை. அக்காவின் கம்பெனியில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மணி நேரம் அங்கே நின்று டேப் சுற்றினாலும் அவள் அங்கே வேலை செய்பவள் இல்லையாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிரஸ்ட்டில் மனு கொடுத்தேன். ஜூன் மாதமே கொடுத்து முடித்துவிட்டோம் என்றார்கள். எங்கள் தெருமுனையில் இருந்த கிறிஸ்தவ சபையின் போதகர் மனைவி ஐயரம்மா, நாங்கள் அந்தச் சபை இல்லை என்று தெரிந்தும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, வெள்ளை ஷூவும் இரண்டு செட் யூனிஃபார்ம் துணியும் வாங்கித் தருவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதாமாதம் வருகிற ஆயிரம் ரூபாய், சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்குத்தானே எனக்குப் பணம் வேண்டும்.

மிச்சம் இருந்தது கல்விக் கடன். வங்கி மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இடம் கிடைத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு வாழ்த்துகூடச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார், “உங்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காம்மா?”

அம்மாவுக்கு கான்ட்ராக்டர் சம்பளத்தை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் சீட்டு.

“வீட்டுல வேற யாரு சம்பாதிக்கிறாங்க?”

“அக்கா,” என்றேன். “கம்பெனில.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப அவங்கள சக விண்ணப்பதாரரா போட்டுடுங்க. மூணு மாசச் சம்பளச் சீட்டு வெச்சா போதும். நானே பாத்து முடிச்சுத் தரேன்.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, கைகளைக் கழுவித் துடைத்து, தரையில் பேப்பரை விரித்து அதன்மேல் வைத்து எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. என்னுடைய விவரம் முடிந்தது. பிறகு சக விண்ணப்பதாரர். பெயர், வயது, உறவு, வேலை செய்யும் இடம். அடுத்த கட்டம் கல்வித் தகுதி.

அந்தக் கட்டத்துக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஒரு சலுகையை விட்டுக்கொடுத்து உண்மை பேசியவள் நான், இங்கே மட்டும் எதற்குப் பொய் என்ற மிதப்பு இருந்தது. பட்டதாரி என்றால் வங்கியில் இன்னும் மதிப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது. வங்கிக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? பி.எஸ்சி. (கணிதம்) என்று எழுதினேன்.

மறுநாள் அக்காவுக்கு முதல் ஷிஃப்ட். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நானும் கூடவே போனேன். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாள்களை வைத்து, நான் போனில் டார்ச் அடிக்க, அவள் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பஸ் வந்தது. பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, வங்கி அனுப்பியதாக ஒரு ஆள் விசாரணைக்கு வந்தார். கதவைப் போட்டோ எடுத்தார், அம்மாவைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு, “அப்படியே கம்பெனிக்கும் போய்ட்டு வந்துடறேன். ஃபாரத்துல போட்டதெல்லாம் அங்க ஒருவாட்டி சரிபாக்கணும்,” என்றார். போய்ட்டு வாங்கண்ணா என்று கையசைத்து அனுப்பி வைத்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வேலை மடமடவென்று நடக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள். ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்ஸில்தான் வருவாள், அதுவும் மூன்று மணிக்குமேல்தான். ஆட்டோவில் வந்ததைப் பார்த்ததுமே துணியை வாளியில் போட்டுவிட்டு ஓடினேன்.

“கார்டு வாங்கிகினாங்க,” என்றாள்.

எச்.ஆர். அறையில் அந்தப் படிவத்தின் நகலை மேஜைமேல் வைத்திருந்தார்களாம். பி.எஸ்சி. மேத்ஸ் என்று இதில் இருக்கிறதே, இது நீதானா என்று கேட்டார்களாம். ஆமாம் சார் என்று சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷம் சும்மா இருந்ததாகச் சொன்னாயே என்று கேட்டார்களாம்.  தப்பான தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்ததாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொப்பியையும் கார்டையும் கேட்டிலேயே ஒப்படைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் அவள் முன்னால் நின்றேன். “நான்தான்க்கா எழுதினேன்,” என்றேன்.

“தெரியும். உன் கையெழுத்து எனுக்குத் தெரியாதா?” என்றாள்.

அம்மா கேண்டீனிலிருந்து வந்த பிறகு என்னைத் திட்டாத திட்டு இல்லை. “அறிவு கீதாடி உனுக்கு? உண்மை பேசறாளாம், உண்மை! கூடப் பொறந்தவ சோத்துல மண்ண வாரிப் போட்டுட்டு வந்து நிக்கறா பாரு.” அத்தனையும் நியாயம்.  அக்காதான், “உடும்மா, சோறு கீதா?” என்று கேட்டு, தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவள் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தெரியாமல் கன்சல்டன்சி அண்ணனுக்குப் போன் செய்தேன். அழுதேன். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“உன்ன யாரும்மா எழுதச் சொன்னது?” என்றார். “அந்தப் பொண்ணுக்கு அட்த்த மாசம் லைன் லீடர் குடுக்கறதா இருந்தாங்க. தெரியுமா உனுக்கு?”

தெரியாது. அக்கா சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாளோ என்னவோ.

“படிச்சது ஒரு தப்பாண்ணா?”

“படிச்சது தப்பில்லம்மா. எழுதனது தப்பு,” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

வங்கியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. “சக விண்ணப்பதாரருக்கு இப்ப வருமானம் இல்லையேம்மா, நான் என்ன பண்றது?” என்று மேலாளர் ஃபைலை என் பக்கம் தள்ளினார். நீங்கள் அனுப்பிய ஆளால்தானே வேலை போனது என்று வங்கி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். டோக்கன் வைத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படாமல் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். கோபப்பட்டிருக்கலாம். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த வாரம் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் கல்விக் கடன் முகாம் நடக்கிறது என்று இ-சேவை மையத்துப் பெண்தான் சொன்னாள். பர்ஸை எடுத்துவரப் போன என்னை அவள் மறக்கவில்லை போலும். அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். ஹால் முழுக்க மேஜைகள், மேஜைக்கு மேஜை கூட்டம். எங்கள் முறை வந்தபோது, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் அதிகாரி என் ஃபைலை வாங்கி இரண்டு முறை புரட்டினார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு. ஏன் நிக்குது?”

நான் அக்காவின் வேலை போனதைச் சொன்னேன்.

“அக்கா எதுக்கு இதுல? இந்தத் தொகைக்கு அம்மா கையெழுத்துப் போட்டாப் போதும். வருமானமோ ஜாமீனோ எதுவும் தேவையில்லையே. யாரு சம்பளச் சீட்டு கேட்டது?”

அங்கேயே மேலாளரைப் போனில் பிடித்தார். பேசி முடித்துவிட்டு என்னிடம், “சேஃப்டிக்குக் கேட்டாராம். நாளைக்குப் போங்க, போட்டுடுவாரு,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அம்மா என் தோளைத் தொட்டாள். “இன்னாடி சொல்றாங்க?”

“கெடச்சிடுச்சும்மா,” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அங்கேயே இரண்டு கைகளையும் கூப்பி அந்த அதிகாரி இருந்த பக்கம் கும்பிட்டாள். நான் வெளியே ஓடி, சுவர் ஓரமாக வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சோடா வாங்கிக் கொடுத்தாள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் பொய் எழுத மாட்டேன் என்று குதித்தவள், இதை அக்காவிடம் சொல்லவில்லை. உன் கையெழுத்தே தேவைப்பட்டிருக்கவில்லை, உன் வேலை யாருக்கும் பிரயோஜனமில்லாமல் போனது என்று எந்த வாயால் சொல்வது? மேலாளர் மனமிரங்கிக் கொடுத்துவிட்டார் என்று கதை கட்டினேன். “பரவால்லையே, நல்ல மனுசன்தான்,” என்றாள் அவள்.  புதுப் படிவம், அம்மாவின் கையெழுத்து, நான்கு நாளில் கடன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டணம் கட்டினேன்.

கல்லூரியில் சேர்ந்த அன்று அக்காதான் என்னோடு வந்தாள். வேலை இல்லாததால் வர முடிந்தது. என் பெட்டியை மூன்று மாடி ஏற்றினாள். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், கொக்கி சரியில்லை என்று வார்டனிடம் போய்ச் சொன்னாள். அவளுக்கு நான்கு மாதம் கழித்துத்தான் வேறு வேலை கிடைத்தது, வல்லம் பக்கத்தில் ஒரு கம்பெனியில். அதே கன்சல்டன்சி அண்ணன்தான் சேர்த்துவிட்டார். மறுபடியும் பிளஸ் டூ. பழைய கம்பெனியின் பெயரையும் சொல்லக் கூடாது என்பதால் இந்த முறை அவள் சும்மா இருந்த வருஷங்கள் இன்னும் கூடிப்போயிருந்தன. சம்பளமும் முதலிலிருந்து.

நான் இப்போது நான்காம் வருஷம். வார்டில் நிற்கிறேன், ஊசி போடுகிறேன். சூப்பர்வைசர்களை வெளியே நிறுத்துகிற துணிச்சல் இன்னும் வரவில்லை. போன மாதம் ஒரு ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெரியவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி வந்தேன். “படிச்சுக் காட்டினியா? என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியுமா?” என்று வார்டு சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன். திரும்பப் போய் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னார். படித்துக் காட்டும்போது என் குரல் நடுங்கியது. பெரியவர் தனக்குத்தான் ஏதோ பெரிய ஆபத்து என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு அமைந்தது. சாமான் வாங்கிக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த இரைச்சலில் பேசுவது எனக்கு வசதியாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கலெக்டர் ஆபீஸ், அந்த அதிகாரி, அம்மா கையெழுத்தே போதும் என்றது, சேஃப்டிக்குக் கேட்டாராம் என்றது, நான் மறைத்தது, உன்னைக் கேட்காமல் அந்தக் கட்டத்தில் எழுதியது, படிக்கக்கூட விடாமல் இருட்டில் கையெழுத்து வாங்கியது, எல்லாம். நடுவில் அழுகை வந்து இரண்டு முறை நிறுத்தினேன்.

அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

“அம்மா கையெழுத்தே போதுமாமா?” என்றாள். பிறகு, “சரி வுடு,” என்றாள்.

“எப்பிடிக்கா வுட்றது? உன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா நீ அந்த வரிய அடிக்கச் சொல்லியிருப்ப.”

“நான் படிச்சிட்டுதான்டி போட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“டார்ச் அடிச்சிகினு நின்னியே, அப்பவே பாத்துட்டேன். இன்னாடி இப்டி எழுதி வெச்சிக்கீற, அடிச்சிட்டு பிளஸ் டூன்னு போடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி.” அவள் சாமான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “எம்பேரு போட்டு, அதுக்குக் கீழ பி.எஸ்சி.ன்னு எழுதி, அதுக்கு முன்னாடி யாரும் எங்கிட்ட காட்னதில்லடி. நீ வேற அயகா எழுதியிருந்தியா, நல்லா இருந்துச்சி. கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். நான்கு வருஷமாக நான் தனியாகச் சுமந்ததில் பாதி இவளுடையது என்று தெரிந்தபோது சுமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இவ்வளவுக்குத்தான் அவள் ஆசைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அந்தக் கோபமும் நிற்கவில்லை.

எங்கள் பஸ் தூரத்தில் திரும்பியது. அக்கா சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “அந்த ஃபாரம் இன்னும் பேங்க்லதான இருக்கும்?” என்று கேட்டாள்.

மேலாளர் புதுப் படிவம் கொடுத்த அன்றே பழையதை என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். அக்காவின் பெயர் இருந்த அந்தத் தாளைப் பார்க்கப் பிடிக்காமல், வங்கி வாசலிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டவள் நான்.

“இருக்கும்க்கா,” என்றேன். “ஃபைல்ல பத்திரமா வெச்சிருப்பாங்க.”